சாராள் ஜெயித்த வழக்கு

தேனி கடைவீதியில் பாத்திரக்கடை சாராளைத் தெரியாதவர்கள் கிடையாது. போடியில் ஏலக்காய் வியாபாரி வீட்டில் பிறந்து, இருபத்துமூன்று வயதில் பொன்னுராஜைக் கட்டிக்கொண்டு தேனிக்கு வந்தவள். கடை மாமனார் காலத்தது என்றாலும், அதை ஒரு ஷட்டரிலிருந்து மூன்று ஷட்டராக்கியவள் அவள்தான். ஓர் அண்டாவைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்வாள். தராசில் வைத்தால் ஐம்பது கிராம் தப்பாது. குமுளியிலிருந்து சீர் வாங்க வருகிறவர்களிடம் மலையாளத்திலேயே விலை பேசி, மலையாளத்திலேயே குறைக்க மறுப்பாள்.

வந்தவர்கள் வாங்குவார்கள், பில்லை மடித்துப் பையில் வைப்பார்கள், போவார்கள். முப்பது வருடத்தில் "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்க்கா" என்று அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை. அதை ஒரு குறையாகச் சாராள் நினைத்ததும் இல்லை, தான் போகும் சபைக்கு ஜெபஷீலா வரும்வரை.

ஜெபஷீலா கோம்பைப் பெண். ஸ்டீவனைக் கல்யாணம் செய்துகொண்டு தேனிக்கு வந்து, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் டீச்சரானாள். சாராளைவிட ஒன்பது வயது சின்னவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவோடு நின்று பாடுவாள். அப்படியொன்றும் பெரிய குரல் இல்லை. மேலே போகும்போது லேசாகக் கம்மும். ஆனாலும் அவள் வராத வாரங்களில், "நம்ம டீச்சர் எங்க, ஆளைக் காணோம்?" என்று வாசலில் நாலு பேராவது கேட்பார்கள். சாராள் ஒருமுறை டைபாய்டில் மூன்று வாரம் போகவில்லை. சபைப் பொருளாளர் மட்டும் போன் செய்தார், சந்தா பாக்கி விஷயமாக.

கல்யாண வீடுகளுக்குச் சாராள் வெண்கலப் பானை கொண்டுபோவாள். ஜெபஷீலா இருநூறு ரூபாய் போட்டோ பிரேம் கொண்டுபோய் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வருவாள். பிறகு ஆல்பம் வரும். மணமக்களின் பக்கத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஜெபஷீலா நிற்பாள். சாராளைத் தேட வேண்டியிருக்கும். ஏதோ ஒரு பக்கத்தில், சாப்பாட்டு வரிசையில், பாதி முகம் இருக்கும்.

இதற்குப் பொறாமை என்று சாராள் பெயர் வைக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் ஏதோ மினுக்கு இருக்கிறது, அது மற்றவர்களுக்குத் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

2018 தைமாதத்தில் ஸ்டீவன் கடைக்கு வந்தான். சுருளிப்பட்டியில் அவனுக்கு அம்மா வழியில் வந்த பதினாறு சென்ட் திராட்சைத் தோட்டம் இருந்தது. பக்கத்திலேயே இரண்டு ஏக்கர் குத்தகைக்கு வருகிறது, பந்தலோடு வருகிறது, எடுத்தால் மூன்று வெள்ளாமையில் கையில் காசு நிற்கும் என்றான். நாலு லட்சம் வேண்டும். பொன்னுராஜ் தலையைச் சொறிந்தார். சாராள் யோசிக்கவே இல்லை. போடி வீட்டில் தன் பங்குக்கு வந்த பணம் வங்கியில் கிடந்தது. ஸ்டீவனும் ஜெபஷீலாவும் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

ஏன் அவ்வளவு சுருக்கில் கொடுத்தாள் என்று பிற்பாடு வக்கீல்கூடக் கேட்டார். வட்டிக்காக என்று சொல்லி வைத்தாள். உண்மை வேறு. ஜெபஷீலா குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் எப்போதும் ஏழெட்டு ஜோடி செருப்புக் கிடக்கும். உள்ளே என்னதான் அப்படிப் பேசிச் சிரிக்கிறார்கள் என்று பார்க்கச் சாராளுக்குப் பல வருட ஆசை. பணம் கொடுத்த பிறகு அந்தக் கதவு திறந்தது. ஒரு வருடத்துக்கு மேல் சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே போய் உட்கார்ந்தாள். போனதும் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியைக் காலிசெய்து கொடுப்பார்கள். டீ தண்ணீராகத்தான் இருக்கும். அங்கே அதைக் குடித்துவிட்டு, "டீச்சர் வீட்டு டீ மாதிரி வருமா" என்பார்கள். சாராளும் ஒருநாள் அப்படியே சொல்லிப் பார்த்தாள்.

மழை கெடுத்தது. பழம் இனிப்பு ஏறும் நேரத்தில் பத்து நாள் விடாமல் பெய்து கொத்துக் கொத்தாக வெடித்துப் போயிற்று. அடுத்த வெள்ளாமையில் செவட்டை நோய். வட்டி நின்றது. சாராள் மூன்று மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை கேட்டுவிட்டாள். அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஜெபஷீலா சங்கடத்தை மறைக்க, சாராளின் தோளில் கை போட்டுக்கொண்டு, "எங்க சாராக்கா கணக்குல புலி. நாளைக்கு நான் செத்தாலும் வட்டியக் கழிச்சுக்கிட்டுத்தான் மாலை போடுவாக" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. சாராளும் சிரித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள். திங்கட்கிழமை வக்கீல் முத்துவீரனின் ஆபீஸில் புரோநோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கொரோனா வந்து கோர்ட் பூட்டிக் கிடந்த காலம் போக, 2021 கடைசியில் தீர்ப்பு வந்தது. ஜெபஷீலாவும் ஸ்டீவனும் கையெழுத்து எங்களுடையதில்லை என்று வாதாடவில்லை. கூண்டில் ஏறி, "வாங்குனது நெசந்தான். குடுக்க முடியல" என்றார்கள். அசல், வட்டி, செலவு எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்.

"மாசம் அஞ்சாயிரம் கட்டுறோம்னு கேக்கறாக. ஒத்துக்கிருங்க, சிக்கல் இல்லாம முடிஞ்சிரும்" என்றார் முத்துவீரன்.

"அந்தம்மா சம்பளத்துல புடிக்க முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அப்ப புடிங்க."

முத்துவீரன் நிறைவேற்று மனு போட்டார். சம்பளம் முழுவதையும் பிடிக்கச் சட்டம் விடாது. படிகள் சில கழியும், அதற்குமேல் ஆயிரம் ரூபாய் கழியும், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மாதம் பதினோராயிரத்து அறுநூறு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு போய், பணம் கோர்ட்டில் கட்டப்பட்டு, மனுப் போட்டுச் செக் வாங்க வேண்டும். முதல் செக்கைச் சாராள் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வங்கிக்கே போகாமல் திரிந்தாள். அந்த ஞாயிறு ஆராதனைக்குச் சீக்கிரமே போய் முன்னால் உட்கார்ந்தாள். ஜெபஷீலாவின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜெபஷீலா அதே மஞ்சள் சேலையில் வந்தாள். பாடினாள். மேலே போகும்போது வழக்கமாகக் கம்மும் குரல் அன்று உடைந்தே போயிற்று. பாதி வரியில் நிறுத்திவிட்டாள். ஒரு கணம் சாராளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணம் பின்வரிசைகளிலிருந்து, ஆணும் பெண்ணுமாக, சபையே அந்த வரியை எடுத்துப் பாடி முடித்தது. பக்கத்தில் இருந்த கிழவர் மூக்கை உறிஞ்சினார். சாராள் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு காதில் விழுந்ததெல்லாம் அவளைச் சுட்டது. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஆளுக்கு ஒரு நாளாக ஜெபஷீலாவுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார்களாம். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றவில்லையாம். சம்பளம் குறைந்தால் ஆட்கள் வருவது குறையும் என்று சாராள் கணக்குப் போட்டிருந்தாள். ஆட்கள் குறையவில்லை. வருகிறவர்களே பால் பாக்கெட்டும் சீனியும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் கடையிலிருந்தே அதைப் பார்த்தாள்: சபைச் செயலாளரின் மனைவி எதிர்க்கடையில் கால் கிலோ தேயிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜெபஷீலா வீட்டுச் சந்துக்குள் திரும்பினாள். அந்தம்மா முப்பது வருடமாகச் சாராளின் வாடிக்கை. தேயிலைத்தூள் அல்ல, ஒரு வெற்றிலைகூடச் சாராளுக்கு வாங்கி வந்ததில்லை.

"பாவம்ங்க அந்த டீச்சர்" என்று கடைக்கு வந்த ஒருத்தி, ஆள் தெரியாமல், சாராளிடமே சொன்னாள். சாராள் அவளுக்கு இட்லிக் கொப்பரையில் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

வீட்டில் பொன்னுராஜ் இதைப் பற்றிப் பேசமாட்டார். அவர் பேச்சுக் குறைந்த மனிதர். பெங்களூரில் இருக்கும் மகன் ஜோயல் போனில், "அம்மா, பணம் வந்துக்கிட்டுத்தான இருக்கு, இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டான். பணம் வந்துகொண்டுதான் இருந்தது.

இருபத்துநாலாவது மாதத்தோடு சம்பளப் பிடித்தம் நின்றது. ஒரே தீர்ப்புக்கு அதற்குமேல் சம்பளத்தில் கை வைக்க முடியாது என்று முத்துவீரன் சொன்னபோது சாராள் நம்பாமல் புத்தகத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினார். வந்தது இரண்டு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து நானூறு. அடுத்து ஸ்டீவனின் வங்கிக் கணக்கை முடக்க மனு போட்டார்கள். திராட்சை வியாபாரக் கணக்கு, லட்சமாவது கிடக்கும் என்று சாராள் எதிர்பார்த்தாள். பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது இருந்தது. அது வந்தது.

"அவ்வளவுதான்க்கா. மீதி, இடையில ஏறுன வட்டியோட மூணு லட்சத்துப் பதினெட்டாயிரம் நிக்கிது. இனி இருக்கறது அந்தப் பதினாறு சென்ட்தான்" என்று முத்துவீரன் வழக்குக் கட்டை மூடினார். "அதுல கை வைக்கணுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு?"

நிலம் உத்தமபாளையம் கோர்ட் எல்லையில் இருந்ததால் தீர்ப்பை அங்கே மாற்றுவதற்கே ஆறு மாதம் போயிற்று. பிறகு ஜப்தி உத்தரவோடு கோர்ட் அமீனா கருத்தக்கண்ணன் சுருளிப்பட்டிக்குப் புறப்பட்டார். நிலத்தை அடையாளம் காட்டுவது வழக்குப் போட்டவர் பொறுப்பு என்பதால் சாராளும் கூடப் போனாள். தமுக்கு அடிக்க ஓர் ஆள் ஆட்டோவின் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

அவள் அந்தத் தோட்டத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, மேலே பச்சையாகப் பந்தல். கீழே நிழல் தரையோடு தரையாகக் கிடந்தது. ஸ்டீவன் கவாத்துக் கத்தரியோடு நின்றான். அமீனாவைப் பார்த்ததும் கத்தரியை மடக்கி இடுப்பில் செருகினான். சர்வே எண்ணைப் படித்த கருத்தக்கண்ணன் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு நோட்டீஸ் ஒட்டத் தூண் தேடினார்.

"சார், அது ராக்கையா அண்ணன் தோட்டம். நம்மது இங்கன" என்று ஸ்டீவனே கூப்பிட்டு, நாலு பக்க எல்லையையும் நடந்து காட்டினான். பந்தலுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிவந்து சாராள் முன்னால் வைத்தான். "அக்கா, வெயில்ல நிக்காதீக. இப்படி நெழல்ல உக்காருங்க."

"வேணாம்."

"அட உக்காருங்கக்கா. உங்களுக்குத்தான் வரப்போற எடம்."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். தமுக்குச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் சாராளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ராக்கையா என்ற பெரியவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் மோர் கொண்டுவரச் சொன்னார். அமீனா குடித்தார், தமுக்கு அடித்தவன் குடித்தான், சாராளுக்கும் ஒரு டம்ளர் நீட்டப்பட்டது. தாகமாகத்தான் இருந்தது. தலையை ஆட்டி மறுத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் கருத்தக்கண்ணன் சொன்னார்: "இருவத்தாறு வருசமா ஜப்திக்குப் போறேன்மா. நாயை அவுத்து விட்டுருக்காக, வெளக்கமாத்தத் தூக்கிருக்காக. மோர் குடுத்து அனுப்புனது இதுதான் மொதத் தடவை. நல்ல குடும்பம்."

"நல்ல குடும்பம் கடன ஒழுங்காக் கட்டும்" என்றாள் சாராள்.

அமீனா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏல நாள் வந்தது. கோர்ட் நிர்ணயித்த விலை ஆறு லட்சம். பதினாறு சென்ட் பந்தல் தோட்டம் அந்த விலைக்கு மலிவு. ஊரில் எத்தனையோ பேர் கண் வைத்திருந்த இடம். ஒருவர்கூட வரவில்லை. அந்த நிலம் ராக்கையாவின் தோட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, அவரும் வரவில்லை. அமீனா மூன்று முறை கூப்பிட்டுவிட்டுத் தாளில் எழுதிக்கொண்டார்.

"வெலையக் கொறைச்சு மறுபடியும் விடுவாக. அப்பவும் யாரும் வரலைன்னா நீங்களே கேக்கலாம். கோர்ட் அனுமதி வாங்கணும்" என்றார் முத்துவீரன். "நெலத்த வச்சு என்ன செய்யப்போறீக, அது வேற விசயம்."

சாராள் கேட்டாள். இரண்டாம் ஏலத்தில் ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்துக்கு, தனக்குத் தானே போட்டியாக நின்று எடுத்தாள். வரவேண்டிய மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் கழிய மிச்சத்தைப் பதினைந்து நாளில் கட்டினாள். இனி அறுபது நாள். அதற்குள் அவர்கள் பாக்கி முழுவதையும், ஏல விலையில் நூற்றுக்கு ஐந்து சேர்த்து, கோர்ட்டில் கட்டினால் ஏலம் ரத்தாகும். இல்லாவிட்டால் நிலம் அவளுடையது.

அந்த நாட்களிலெல்லாம் சாராளுக்கு ஒரு நினைப்பு நன்றாக ஓடியது. தோட்டம் கைக்கு வந்ததும் வெள்ளாமை எடுத்து, முதல் அறுப்பில் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து எல்லோருக்கும் கொடுப்பாள். "யாரு தோட்டத்துப் பழம்?" என்று கேட்பார்கள். "சாராக்கா தோட்டம்" என்பார்கள். ஜெபஷீலாவுக்கும் ஒரு கொத்துக் கொடுக்கலாம். அவள் கையை நீட்டி வாங்குவதை எல்லோரும் பார்க்கலாம்.

ஐம்பத்தாறாவது நாள் முத்துவீரன் போன் செய்தார். "கட்டிட்டாகக்கா. மூணு லட்சத்து நாப்பத்து மூவாயிரத்து ஐநூறு. முழுசா."

"எங்க இருந்து வந்துச்சு?"

"கைமாத்து வாங்கிருக்காக. பள்ளிக்கூடம், சபை, சுருளிப்பட்டித் தோட்டக்காரக. நாப்பத்தோரு பேராம். உங்களுக்கு நல்லதுதான. ஏலத்துக்குக் கட்டுனதும் திரும்பி வந்துரும், மேல இருவத்தஞ்சாயிரத்து ஐநூறு லாபம்."

சாராள் போனைக் கல்லாமேல் வைத்தாள். பொன்னுராஜ் தராசுக்குப் பக்கத்தில் பித்தளைக் குடம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தோரு பேரு சேந்து கட்டிருக்காகளாம்" என்றாள். "கேட்டீகளா? நாப்பத்தோரு பேரு. யார் யாருன்னு தெரியணும் எனக்கு. நம்ம கடையில கடன் சொல்லி வாங்கிட்டுப் போறவுகளும் அதுல இருப்பாக."

பொன்னுராஜ் குடத்தைக் கீழே வைத்தார். "நான் இருவது குடுத்தேன்" என்றார்.

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. "இருவதுன்னா?"

"இருவதாயிரம்."

"நீங்களா?"

"நம்ம பணம் நம்மகிட்டயேதான வருது. அதுல என்ன நட்டம்? பத்து நாள்ல செக் வாங்கிருவ."

"அவ வந்து கேட்டாளா?"

"அந்தப் புள்ள கேக்கல. கேக்கறதுக்கு அதுக்கு எப்படி மூஞ்சி வரும்? ஸ்டீவன் பெரியகுளம் ரோட்டுல வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனான், பெட்ரோல் இல்லாம. நானாத்தான் கூப்புட்டுக் குடுத்தேன்." கீழே வைத்த குடத்தைத் திருப்பிக்கொண்டே, "சொல்லணும்னுதான் நெனச்சேன். உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வரல" என்றார்.

சாராளுக்கு இருபதாயிரம் உறைக்கவில்லை. அந்த 'நானாத்தான்' உறைத்தது. கட்டிக்கொண்டு வந்த முப்பத்துமூன்று வருடத்தில் இந்த மனிதர் தானாக எதைக் கொடுத்தார் என்று யோசித்தாள். கேட்டதை எல்லாம் கொடுத்திருக்கிறார். ஷட்டர் போடக் கேட்டாள், கொடுத்தார். ஜோயல் படிப்புக்குக் கேட்டாள், மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஆனால் எல்லாம் கேட்டது.

"எனக்கு ஒண்ணுன்னா குடுப்பீகளா?" என்றாள். சொன்ன பிறகுதான் தான் அதைச் சொன்னது அவளுக்கே தெரிந்தது.

"என்ன பேச்சுப் பேசுற? உனக்கு ஒண்ணுன்னா கடையவே வித்துருவேன்."

"நான் கேக்கணும். அப்பத்தான."

வாசலில் யாரோ பிரஷர் குக்கருக்குக் காஸ்கட் கேட்டு வந்தார்கள். பொன்னுராஜ் அளவு பார்க்க எழுந்து போனார்.

அன்றும் மறுநாளும் சாராள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதிலிருந்து பேச்சு மறுபடி தொடங்கியது. அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

பணம் முழுதும் பைசலாகிவிட்டது என்று பதிவு செய்ய உத்தமபாளையம் கோர்ட்டுக்கு இரு தரப்பும் வர வேண்டியிருந்தது. ஸ்டீவனுக்குத் தோட்டத்தில் மருந்தடிப்பு. ஜெபஷீலா தனியாக வந்தாள். வழக்குக் கூப்பிட மத்தியானம் ஆகும் என்றார்கள். புங்கமரத்தடியில் ஒரே ஒரு சிமென்ட் பெஞ்சில்தான் நிழல் இருந்தது. சாராள் ஒரு முனையில் இருந்தாள். ஜெபஷீலா வந்து மறு முனையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பார்த்தபோது அவள் கழுத்து எலும்பு துருத்தியிருந்தது. நாலு வருடத்தில் முடியில் பாதி வெளுத்துவிட்டது. சாராள் அதைக் கவனித்தாள். சந்தோசப்படலாமா என்று பார்த்தாள். வரவில்லை.

ஜெபஷீலாதான் முதலில் பேசினாள். "அன்னைக்கு வட்டியக் கழிச்சுக்கிட்டு மாலை போடுவாகன்னு நான் பேசிருக்கக் கூடாதுக்கா. நீங்க போன பொறகுதான் எனக்கே ஒறைச்சுச்சு. வந்து சொல்லிருக்கணும். வெக்கமா இருந்துச்சு."

ஜெபஷீலா அதை மறந்திருப்பாள் என்றே இத்தனை நாள் சாராள் நினைத்திருந்தாள்.

"பணம் கட்டி முடிஞ்சா நிம்மதியாத் தூங்கலாம்னு நெனச்சேன்" என்று ஜெபஷீலா சொல்லிக்கொண்டே போனாள். "இப்பப் பாருங்க. முன்ன உங்க ஒருத்திக்குக் குடுக்கணும். உங்க கடைப்பக்கம் போகாமத் தப்பிச்சுக்கிருவேன். இப்ப நாப்பத்தோரு வீடு. எந்தத் தெருவுலயும் போக முடியல. ஒரு சேலை எடுத்தா, யாரு பாக்கறாகன்னு திரும்பிப் பாக்கேன். தலைவலின்னாகூடச் சிரிக்கணும்க்கா. நான் மூஞ்சியச் சுளிக்கிறத குடுத்தவுக பாத்துறக் கூடாது பாருங்க. ஸ்டீவன்கிட்ட சொன்னேன், நெலம் போயிருந்தாத் தேவலைன்னு. அழுதுட்டாரு."

"எங்க வீட்டுக்காரரும் குடுத்துருக்காரு" என்றாள் சாராள்.

"தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சு குடுத்தாகளோ தெரியாமக் குடுத்தாகளோன்னு அது ஒரு பயம்."

அவள் கஷ்டத்தைச் சொல்கிறாள் என்று சாராளுக்கு விளங்காமல் இல்லை. நாற்பத்தொரு பேரிடம் நன்றியோடு நடந்துகொள்வது என்ன பாடு என்று கணக்குத் தெரிந்த அவளுக்குத் தெரியாதா? ஆனால் உள்ளே மனம் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. நாளைக்குச் சாராள் நடுத்தெருவில் நின்றால் எத்தனை பேர் வருவார்கள்? பொன்னுராஜ், ஜோயல், போடியில் இருக்கும் அவள் தம்பி. மூன்றைத் தாண்டவில்லை. அந்த நாற்பத்தொரு பேருக்கும் பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து, அப்போதும் அவளுக்கு வயிறெரிந்தது. தன்மேலேயே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. எரிச்சல் அதற்காகக் குறையவில்லை.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

தேனி பஸ்ஸில் சாராளுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. பின்னாலேயே ஜெபஷீலாவும் ஏறினாள். முன் சீட்டிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டி, "டீச்சர், டீச்சர், இங்கன வாங்க, எடம் இருக்கு" என்று கூப்பிட்டாள். ஜெபஷீலா அவளைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். "இல்லம்மா, அக்காகூட வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சாராள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துவிட்டது.

"உங்க பக்கத்துலயே இருந்துக்கறேன்க்கா" என்றாள் மெதுவாக. "உங்ககிட்டச் சிரிக்க வேண்டியதில்ல."

இதை மரியாதையாக எடுத்துக்கொள்வதா, திட்டாக எடுத்துக்கொள்வதா என்று சாராளுக்குப் பிடிபடவில்லை. பஸ் சின்னமனூரைத் தாண்டுவதற்குள் ஜெபஷீலா தூங்கிப்போனாள். முதலில் தலை முன்னால் விழுந்தது. பிறகு ஒரு வளைவில் சாய்ந்து, சாராளின் தோளில் வந்து நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வழக்குப் போட்டு, சம்பளத்தைப் பிடித்து, நிலத்தைத் தமுக்கடித்து ஏலம் விட்டவளின் தோளில் இப்படி ஒருத்திக்குத் தூக்கம் வருமா? சாராளுக்குத் தன் கட்டிலிலேயே மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடும். தோளை இழுத்துக்கொள்ள நினைத்தாள். இழுக்கவில்லை. இந்தத் தூக்கமும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று நினைத்தபடி, ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கண்டக்டர் நெரிசலில் புகுந்து வந்து நின்றார். சாராள் பர்ஸைத் திறந்தாள். "ரெண்டு தேனி" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்ற குலுக்கலில் ஜெபஷீலா விழித்தாள். டிக்கெட்டைப் பார்த்ததும் பதறி, பையைத் துழாவி ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினாள். "வேண்டாம்" என்று சாராள் சொல்லவில்லை. தாளை வாங்கிக்கொண்டாள். மீதிச் சில்லறையைப் பர்ஸிலிருந்து பொறுக்கி எடுத்து, எண்ணி, அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரியா இருக்கா பாத்துக்க" என்றாள்.

ஜெபஷீலா எண்ணிப் பார்த்தாள். "சரியா இருக்குக்கா" என்றாள்.